பராமரிப்புச் செலவு

ஐந்தாண்டுக்கு ஒருமுறை
கல்பாசி சுரண்ட வேண்டும் என்று
ஊராட்சித் தாளில் இருக்கிறது.
வாளி, தூரிகை, அரைநாள் கூலி.
அந்த அரைநாள் ஆள் நான், தோரால்வுர்.
கிரேன் ஓட்டுவதும் நான்தான்,
பனிக்காலத்தில் பாதையில் உப்புத் தூவுவதும்.

ரன்வா அவளைச் செதுக்கியபோது
எனக்குப் பதினொரு வயது.
எரிமலை துப்பிய கருங்கல்.
கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி,
மூக்கு கூர்மை,
காதோரம் ஒரு முடிக்கற்றை,
அதற்கு மட்டும் ஒன்பது நாள் பிடித்தது என்றார்கள்.
திறப்பு விழாவில் பாதிரியாரின் தொப்பி பறந்தது.
சிரித்தோம்.
காற்று அன்றே வேலையில் சேர்ந்துவிட்டது.

முதலில் போனது முடிக்கற்றை.
பிறகு மூக்கு.
ஃபாரோவில் மழை மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வருகிறது
கை நிறைய மணலோடு.

ஆடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.
எங்கள் மேட்டில் மரம் கிடையாது.
முதுகு அரித்தால்
அவற்றுக்கு வாய்த்தது இவள் முழங்கால்தான்.
இருபத்தெட்டு வருஷம்
தாயும் குட்டியும் குட்டியின் குட்டியும்
உரசி உரசி
ரோமத்தின் எண்ணெய் ஏறி
இரண்டு முட்டியும்
தேவாலயத்து வெள்ளிக் கிண்ணத்தைவிட மின்னுகின்றன.
படகில் வரும் வெளியூர்க்காரர்கள்
அதிர்ஷ்டம் என்று தொடுவார்கள்,
தொட்ட கையை முகர்ந்துவிட்டுக்
கைக்குட்டை தேடுவார்கள்.

போன நவம்பர்ப் புயலில்
அலை ஏறி வந்து
அடியிலிருந்த சரளையை வாரிக்கொண்டு போனது.
காலையில் பார்த்தால்
கொஞ்சம் சாய்ந்து
கடலுக்கு முதுகைக் காட்டி
ஹெய்னியின் சமையலறை ஜன்னலைப்
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஹெய்னி திரைச்சீலை மாட்டினான்.
காப்பீட்டுப் படிவம் கேட்டது:
சேதமா, வழக்கமான தேய்மானமா?
இரண்டு கட்டங்கள்தான்.
நாலுக்கு மூன்று வாக்கில்
திருப்பி வைப்பதென்று முடிவாயிற்று.

மே மாதம் கிரேனோடு போனேன்.
மடியில் மூன்று முட்டைகள்.
கருப்பு வெள்ளைச் சட்டை, சிவப்பு மூக்கு,
சிப்பி கொத்தித் தின்னும் பறவை
என் தலைக்கு மேல் கத்திக் கத்தி
ஊரையே கூட்டிவிட்டது.
எத்தனையோ காலமாக மழைநீர் தேங்கும் குழி அது.
இவள் சாய்ந்ததில் நீர் வடிந்திருக்கிறது;
அது இடம் பிடித்துவிட்டது.
எஞ்சினை அணைத்தேன்.
பொரிக்கட்டும், பிறகு வருகிறேன்.

அந்த இடைவெளியில்தான் ரன்வா வந்தாள்,
யார் சொல்லிவிட்டார்களோ.
இரண்டு சுற்று சுற்றினாள்.
"மடியில் இந்தப் பள்ளத்தை யார் வெட்டியது?"
நான் இல்லை என்றேன்,
திருடன் மாதிரி.
"மழையாக இருக்கும்."
வெகுநேரம் பேசவில்லை.
அப்புறம் சொன்னாள்:
"எனக்கும் வெட்ட ஆசைதான்.
கல் விரிசல் விடுமோ என்று பயந்து
விட்டுவிட்டேன்."

என் பெட்டியிலிருந்து உளி கேட்டாள்.
பீடத்தில் அவள் பெயரும் ஆண்டும் இருக்கும் இடத்தில்
பாசியை விரலால் விலக்கி,
பறவை கத்தக் கத்த,
ஆண்டை மட்டும் கொத்தி எடுத்தாள்.
பெயரை விட்டுவிட்டாள்.
மாலைப் படகில் போய்விட்டாள்.

குஞ்சுகள் இறங்கி ஓடிய வாரம்
கிரேனுக்குத் துறைமுகத்தில் வேலை வந்தது.
தீர்மானம் இன்னும் செல்லும் என்கிறார் எழுத்தர்.
ஹெய்னி திரையைக் கழற்றிவிட்டான்.
அவள் பார்க்கிறபோது
நாயைத் திட்ட முடியவில்லையாம்.

நாளை அரைநாள் கூலி எனக்கு.
வாளியை எடுத்துக்கொண்டு போவேன்.
தோளில் மஞ்சள் பாசி,
கழுத்தில் சாம்பல்,
மூக்கு இருந்த இடத்தில் ஆரஞ்சு,
எதைச் சுரண்டுவது?
ஹெய்னி காபி போட்டு வைத்திருப்பான்.
படிவத்தில் ஏதாவது எழுத வேண்டும்.